மாலத்தீவில் எங்கே தங்குவது? ஒரு கேள்வியின் வரலாறு

மாலத்தீவுக்கு ஸ்கூபா டைவிங் செய்யப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி "எந்த இடத்தில் நல்ல மீன்கள் இருக்கும்?" என்பதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது "எங்கே தங்குவது?" என்றுதான். காரணம், அங்கே படுக்கும் இடம்தான் பார்க்கும் கடலையும் தீர்மானிக்கிறது. ஒரு தீவில் அறை எடுத்தாகிவிட்டது என்றால், அங்கிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய பவளத்திட்டுகள்தான் அந்த வாரம் முழுவதும். பிடிக்கவில்லை, பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போவோம் என்றால் முடியாது. பக்கத்து ஊர் என்பது பக்கத்துத் தீவு, நடுவில் கடல்.

இன்றைக்கு இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. ஒரு தீவு முழுவதும் ஒரே ஓட்டலாக இருக்கும் ரிசார்ட். மக்கள் வாழும் தீவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். அல்லது, கரையே வேண்டாம் என்று ஒரு வாரம் படகிலேயே தூங்கி எழும் சஃபாரி போட். மூன்றையும் இணையத்தில் ஒரே பக்கத்தில் வைத்து விலை பார்க்கலாம். ஆனால் கால் நூற்றாண்டு காலம் இந்த மூன்றில் ஒன்று தடை செய்யப்பட்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மாலத்தீவுக் குடும்பங்கள் வாழும் தீவில் இரவு தங்குவது என்றால் அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். அது சுலபத்தில் கிடைக்காது. சுறா பார்க்க வருகிறவர் எங்கே தூங்க வேண்டும் என்பதை ஒரு நாடு ஏன் இவ்வளவு கவனமாக யோசித்தது? வரலாறு சுவாரஸ்யமானது.

முதலில் ஒரு வேடிக்கை. இந்த மூன்று வழிகளுமே ஆரம்பத்திலேயே வந்துவிட்டவை. மாலத்தீவுக் கடலடியை உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ஹாஸ். 1957-58ல் தன் 'ஸாரிஃபா' என்ற பாய்மரக் கப்பலில் விஞ்ஞானிகளோடு வந்தார். மணலில் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு செடி மாதிரி ஆடி நிற்கும் தோட்ட விலாங்குகளை அந்தப் பயணத்தில் ஆராய்ந்தார்கள். ஓட்டல் என்ற ஒன்றே இல்லாத நாடு, கப்பலிலேயே தங்கினார்கள். சஃபாரி போட்டின் முன்னோடி என்று இதைச் சொன்னால் தப்பில்லை.

அடுத்தது 1972. அதற்கு முன்பு, 1960களில் வந்த ஓர் ஐ.நா. குழு இந்த நாட்டுக்குச் சுற்றுலா ஒத்துவராது என்று சொல்லிவிட்டுப் போன கதையை மாலத்தீவுச் சுற்றுலா பற்றி எழுதுகிறவர்கள் யாரும் விடுவதில்லை. அந்தக் குழுவைக் குறை சொல்லவும் முடியாது. பாங்க் கிடையாது, சரியான விமானப் போக்குவரத்து கிடையாது, குடிக்க நல்ல தண்ணீர் போதாது. (நாட்டின் முதல் பாங்க் எது தெரியுமா? 1974ல் மாலேயில் கிளை திறந்த நம் ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாதான்.) நாட்டின் பிழைப்பு மீன். சூரையை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்த மாசி, அதாவது நம் கடைகளில் விற்கும் அதே மாசிக்கருவாடு, பெரும்பாலும் இலங்கைக்குத்தான் போனது. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கிய இலங்கை அந்த இறக்குமதியைக் குறைத்தது. ஒரே சரக்கு, ஒரே வாடிக்கையாளர் என்று இருந்த வியாபாரத்துக்கு அது பெரிய அடி.

அந்தச் சமயத்தில்தான் இத்தாலியப் பயண முகவர் ஜார்ஜ் கார்பின், கொழும்பில் மாலத்தீவுத் தூதரகத்தில் இருந்த அகமது நசீம் மூலமாக அந்த நாட்டைப் பார்த்தார். 1972ன் தொடக்கத்தில் இத்தாலியர்களின் சிறு குழு ஒன்றை அழைத்து வந்தார். ஓட்டல் இல்லாததால் அவர்கள் தங்கியது மாலேயில் இருந்த வீடுகளில். ஆக, மாலத்தீவின் முதல் சுற்றுலாப் பயணிகள் தங்கிய இடம் ஒருவகையில் கெஸ்ட் ஹவுஸ்தான்! பின்னாளில் தடை செய்யப்பட்டதும் அதுதான்.

அதே ஆண்டு அக்டோபர் 3ம் தேதி, மாலேக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த விஹாமனாஃபுஷி என்ற தென்னந்தோப்புத் தீவில் 'குரும்பா' திறக்கப்பட்டது. குரும்பா என்றால் அவர்கள் மொழியில் இளநீர். (யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அவர்கள் குரும்பை என்பார்கள்.) முப்பது அறைகள். சுவருக்குப் பவளக்கல், கூரைக்குத் தென்னங்கீற்று. முகமது உமர் மணிக்கு, ஹுசைன் அஃபீஃப் போன்ற இளைஞர்கள் கார்பினுடன் சேர்ந்து தொடங்கியது. குளிக்க உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீர். அந்த ஆண்டு மொத்தம் சுமார் ஆயிரம் பேர்தான் வந்தார்கள். சில வாரங்களில் பண்டோஸ் தீவிலும் ஒரு ரிசார்ட் வந்தது. ஹெர்வர்த் ஃபாய்க்ட்மன் என்ற ஜெர்மானியர் அங்கே தண்ணீருக்கடியில் சுறாக்களுக்குக் கையால் மீன் ஊட்டிக் காட்டியது ஐரோப்பியப் பத்திரிகைகளில் பரபரப்பாகியது. சுறாவுக்குத் தீனி போட்டுப் பழக்குவது சரியா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. அதற்குக் கீழே வருவோம்.

டைவிங் செய்கிறவர்களுக்கு இந்தத் தீவு ஓட்டல்கள் ஏன் இவ்வளவு பிடித்துப்போயின? 'ஹவுஸ் ரீஃப்' என்ற ஒரே வார்த்தையில் அடங்கிவிடும் பதில். சிறிய தீவைச் சுற்றி வேலி மாதிரி பவளத்திட்டு. அறையிலிருந்து சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நூறு அடி நடந்தால் விளிம்பு; அங்கிருந்து சுவர் மாதிரிக் கீழே இறங்கும் கடல். படகு வேண்டாம், காத்திருக்க வேண்டாம். விடியற்காலையிலும் இறங்கலாம், இரவிலும் இறங்கலாம். ஆனால் எல்லாத் தீவுக்கும் இப்படி வாய்க்காது. சில தீவுகளைச் சுற்றி வெகுதூரம் முட்டளவு, இடுப்பளவு நீலத் தண்ணீர்தான் இருக்கும். போட்டோவில் சொர்க்கம். தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி வில்லா கட்டுவதற்கும் அதுதான் வசதி. டைவர்களுக்கோ அது வீண்; பவளத்திட்டு விளிம்பு எங்கோ தூரத்தில். விளம்பரப் படத்தில் அறைக்கு முன்னால் எவ்வளவு அழகான வெளிர்நீலம் தெரிகிறதோ, அவ்வளவுக்கு அந்த அறை டைவிங்குக்கு உதவாது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று பருவக்காற்று. வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். அப்போது கிழக்குப் பக்கக் கால்வாய்களில் தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும், சுறாக்கள் அங்கே. மேற்குப் பக்கத்தில் மிதவை உயிரிகள் சேர்ந்து தண்ணீர் கொஞ்சம் கலங்கும். அதைத் தின்ன வரும் ஆனைத்திருக்கைகள், அதாவது மான்டாக்கள், அங்கே. தென்மேற்குப் பருவத்தில் எல்லாம் தலைகீழ். ஆகவே ஜனவரியில் நல்ல ரிசார்ட் ஆகஸ்டிலும் நல்ல ரிசார்ட் என்று எண்ணிப் பணம் கட்டக் கூடாது. சஃபாரி போட் வளர்ந்ததும் இதனால்தான். படகு காற்றைப் பார்த்து இடம் மாறும், ஓட்டல் மாறாது.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1970களில் ரிசார்ட்களோடு கூடவே சில தீவுகளில் உள்ளூர்க்காரர்களும் வீடுகளில் அறை ஒதுக்கி வாடகைக்கு விட்டார்கள். மலிவாக ஊர் சுற்றும் ஐரோப்பிய இளைஞர்கள் அங்கே வந்து தங்கினார்கள். 1978ல் மௌமூன் அப்துல் கயூம் ஜனாதிபதியானார். நூறு சதம் முஸ்லிம் நாடு. மது கூடாது, கடற்கரையில் அரைகுறை உடை கூடாது, போதைப்பொருள் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. 1980களின் முற்பகுதியில் மாலேக்கு வெளியே இருந்த இந்த வாடகை வீடுகள் மூடப்பட்டன. அதன்பின் 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்பதே கொள்கை. வெளிநாட்டார் ஆளில்லாத் தீவுகளில் குடிக்கலாம், குளிக்கலாம். மக்கள் வாழும் தீவுகளுக்குப் பகலில் ரிசார்ட் படகில் வந்து, நினைவுப்பொருள் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் திரும்பிவிட வேண்டும்.

இந்தக் கொள்கையை வெறும் மதக் கட்டுப்பாடாக மட்டும் பார்ப்பது சரியாகாது. அதன் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆளில்லாத் தீவுகள் அரசுக்குச் சொந்தம். அதைக் குத்தகைக்கு எடுக்கப் பணம் உள்ளவர்களால்தான் முடியும். வரியோ நீண்ட காலம் படுக்கைக்கு இவ்வளவு என்றுதான் இருந்தது. 2004 முதல் ஓர் இரவுக்கு 8 டாலர். அறை வாடகை ஐம்பது டாலரோ ஐந்நூறு டாலரோ, வரி அதே 8. இப்படி ஒரு வரி இருந்தால் எந்த முதலாளி மலிவான அறை கட்டுவார்? வசூலிக்கச் சுலபம் என்பதைத் தவிர அதில் வேறு நியாயம் தெரியவில்லை. விற்பனை அளவுக்கேற்ற சுற்றுலா வரி 2011ல்தான் வந்தது. படுக்கை வரி 2014ல் முடிந்தது.

கொள்கையின் நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கட்டடங்கள் தீவு நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, தென்னை மர உயரத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. சுற்றுலாப் பயணிகள் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிக்கத் தடை. ஒரு ரிசார்ட்டுக்குத் தன் ஹவுஸ் ரீஃப்தான் மூலதனம் என்பதால் அங்கே வேறு யாரையும் மீன் பிடிக்க விடவில்லை. தாய்லாந்து, பாலிக் கடற்கரைகளில் ஓட்டல்மேல் ஓட்டலாகக் கட்டி நெரித்தது போல இங்கே நடக்கவில்லை. 1995ல் பதினைந்து டைவிங் இடங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன.

ஆனால் ரீஃப்பில் மீன் பிடிக்காதே என்று சொல்லப்பட்ட மீனவருக்கு அந்த ரீஃப்பின் வருமானத்தில் பங்கு எங்கே? 1990களின் தொடக்கத்தில் கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சனும் உள்ளூர் ஆய்வாளர் ஒருவரும் போட்ட கணக்கு இதைக் கச்சிதமாகக் காட்டும். 'ஃபிஷ் ஹெட்' என்ற புகழ்பெற்ற டைவிங் இடத்தில் உயிரோடு சுற்றும் ஒரு கிரே ரீஃப் சுறா, அதைப் பார்க்க வருகிறவர்கள் மூலம் ஆண்டுக்கு 33,500 டாலர் சம்பாதித்துத் தந்தது. அதே சுறாவைப் பிடித்து விற்றால் மீனவருக்கு ஒரே ஒரு முறை 32 டாலர். சுறாவைக் காப்பாற்ற இதைவிட நல்ல வாதம் கிடையாது என்று எல்லோரும் இந்தக் கணக்கை மேற்கோள் காட்டுகிறார்கள். ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 33,500 டாலர் போனது ரிசார்ட்டுக்கும் டைவிங் நிலையத்துக்கும் விமானக் கம்பெனிக்கும். மீனவருக்குக் கிடைக்கக்கூடியது 32 டாலர் மட்டும். அவர் சுறாவைப் பிடித்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பயணி அவர் தீவில் தங்கவே கூடாது என்று சட்டம் வைத்துவிட்டு, பயணிக்காகச் சுறாவை விட்டுவை என்றால் அவர் எப்படிக் கேட்பார்?

1998ல் கடல் சூடேறியதில் ஆழமில்லாத இடங்களில் இருந்த பவளங்களில் பெரும்பகுதி வெளிறிச் செத்தது. 2004 டிசம்பர் சுனாமியில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல தீவுகளை விட்டு மக்கள் வெளியேறினார்கள், சில ரிசார்ட்கள் மூடப்பட்டன. அரசியலும் சூடேறியது. 2008ல் நடந்த முதல் பலகட்சி ஜனாதிபதித் தேர்தலில் கயூம் தோற்று முகமது நஷீத் வென்றார். மறு ஆண்டு, மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி கிடைத்தது.

அனுமதி கிடைத்ததும் எல்லாத் தீவும் துள்ளிக் குதித்துவிடவில்லை. முதலில் முந்திக்கொண்டது மாஃபுஷி. அதுவரை அந்தத் தீவின் பெயர் செய்தியில் வந்தது அங்கிருந்த சிறைச்சாலையால். 2003ல் அந்தச் சிறையில் ஒரு கைதி அடித்துக் கொல்லப்பட்டதும், அதன்பின் நடந்த துப்பாக்கிச் சூடும்தான் நாட்டில் ஜனநாயகப் போராட்டத்துக்கே பொறியாக இருந்தது. அப்படிப்பட்ட தீவில் 2010ல் முதல் கெஸ்ட் ஹவுஸ் திறந்தது. சில ஆண்டுகளில் டஜன் கணக்கில் பெருகின. பழைய பயங்களுக்கு ஊர் தன் வழியில் சமாதானம் கண்டுபிடித்தது. மது தீவில் கிடையாது. வேண்டுமென்றால் கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும் படகுக்குப் போய்க் குடித்துவிட்டு வரலாம். குளியல் உடைக்கு மறைப்புக் கட்டிய தனிக் கடற்கரை ஒன்று; அதன் பெயரே பிகினி பீச். வெளிநாட்டார் வந்தால் மதம் போய்விடும் என்றவர்களுக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடு என்றவர்களுக்கும் நடுவில், மாஃபுஷிக்காரர்கள் தட்டி வைத்து மறைத்துப் பிரச்சினையை முடித்துவிட்டார்கள்!

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2011 டிசம்பரில் மாலேயில் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து அரசாங்கம் ரிசார்ட்களில் இருந்த ஸ்பாக்களையே மூடச் சொல்லி, பின் ஒரு வாரத்துக்குள் உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2012 பிப்ரவரியில் நஷீத் பதவி விலக நேர்ந்தது. ஆனால் கெஸ்ட் ஹவுஸ்களை யாரும் திரும்ப மூடவில்லை. அதற்குள் அவை பல குடும்பங்களின் சோறாகிவிட்டன. 1972ல் ஆயிரம் பேர் வந்த நாட்டுக்கு 2024ல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

டைவர்களுக்கு இதனால் என்ன மாறியது என்பதற்கு ராஸ்தூ நல்ல உதாரணம். சிறிய அட்டோல். (அட்டோல் என்ற வார்த்தையே அவர்களின் திவேஹி மொழி உலகத்துக்குக் கொடுத்ததுதான்.) அங்கே குரமதி என்ற பெரிய ரிசார்ட் தீவு 1970களிலிருந்தே இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் மக்கள் வாழும் ராஸ்தூ. அருகே கடலில் விடியற்காலையில் கொம்பன் சுறாக்கள், சுத்தியல் மாதிரித் தலை உள்ளவை, ஆழத்திலிருந்து மேலேறி வரும். பல பத்தாண்டுகள் அதைப் பார்க்க ரிசார்ட்டில் தங்க வேண்டும், அல்லது சஃபாரி போட்டில் வர வேண்டும். இப்போது ராஸ்தூ கெஸ்ட் ஹவுஸிலிருந்தும் அதே நேரத்துக்குப் படகு கிளம்புகிறது. அதே கடல், அதே சுறா, அதே முப்பது மீட்டர் ஆழ வரம்பு (மாலத்தீவு விதி அது, இரண்டு பக்கத்துக்கும் பொது). மாறுவது படுக்கையின் விலையும், இரவுச் சாப்பாட்டோடு கிடைக்கும் பானமும்.

இதனால் ரிசார்ட் வேண்டாம் என்றாகிவிடாது. நல்ல ஹவுஸ் ரீஃப் உள்ள பழைய ரிசார்ட்டுக்கு ஈடாகப் பல ஊர்த் தீவுகளால் தர முடியவில்லை என்பதுதான் உண்மை. துறைமுகம் தோண்டிய சேறு படிந்து, குப்பை சேர்ந்து, கரையோரப் பவளம் கெட்டுப்போன தீவுகள் உண்டு. அங்கே ஒவ்வொரு முறையும் படகில்தான் போயாக வேண்டும். போக்குவரத்தையும் கணக்குப் போட வேண்டும். கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும்; இரவில் வந்து இறங்குகிறவருக்கு மாலேயில் ஒரு நாள் வாடகை கூடுதல். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது பதினெட்டு மணி நேரம் விட வேண்டும். அதுவும் ஒரு நாள். ஒரு வாரத்தில் மூன்று, நான்கு இடங்களைப் பார்க்க நினைக்கும் அனுபவசாலிக்கு இன்றும் ஹான்ஸ் ஹாஸ் வழிதான் வசதி. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கோ ஒரே இடத்தில் அமைதியான தண்ணீர் போதும். கால்வாய் நீரோட்டம் வேண்டாம். சில இடங்களில் சிலிண்டரே வேண்டாம். ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வரும் ஹனிஃபாரு விரிகுடாவில் 2012 முதல் ஸ்கூபாவுக்குத் தடை. மேலே மிதந்து பார்க்க மட்டும் அனுமதி.

கடைசியாக ஃபுவாமுலா. மாலேயிலிருந்து தெற்கே சுமார் 500 கிலோமீட்டர், பூமத்திய ரேகையையும் தாண்டி, தனியாக நிற்கும் ஒரே தீவு. சுற்றிலும் ஆழமில்லாத நீலத் தண்ணீர் கிடையாது. கரையை விட்டால் ஆழம். தண்ணீருக்கு மேல் வில்லா கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அங்கே வேலையே இல்லை. மீனவர்கள் துறைமுகத்தில் மீனை வெட்டிச் சுத்தம் செய்து தலையையும் குடலையும் கடலில் வீசுவது வழக்கம். அதற்குப் பழகிப் புலிச்சுறாக்கள் வருகின்றன. ஆய்வாளர்கள் உடம்பில் உள்ள கோடுகளை வைத்து இருநூறுக்கும் மேற்பட்ட தனித்தனிப் புலிச்சுறாக்களை அங்கே அடையாளம் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை பெண் சுறாக்கள். பண்டோஸில் தொடங்கிய 'தீனி போடலாமா' விவாதம் இங்கேயும் தொடர்கிறது. அந்தத் தீனி முதலில் போடப்பட்டது பயணிகளுக்காக அல்ல என்பது மட்டும் வித்தியாசம். 2010ல் நாடு முழுவதும் சுறா பிடிப்பது தடை செய்யப்பட்டது. 2011ல் தீவுக்கு விமான நிலையம் வந்தது. உலகின் பல மூலைகளிலிருந்தும் டைவர்கள் வந்து, மீனவர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள் வீடுகளுக்கு நடுவில் உள்ள கெஸ்ட் ஹவுஸ்களில் தங்குகிறார்கள். 1990ல் அதே தெருவில் ஓர் இரவு படுக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு மாலேயிலிருந்து எழுத்து மூலம் அனுமதி வந்திருக்க வேண்டும்.